கையை மடக்கினால் போதும்

போன தை மாதம் கண்டனூரில் எங்கள் பங்காளி வீட்டில் ஒரு சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். காலைப் பந்தியில் என் மூத்த மகளுக்குத் தனி இலை போட்டார்கள். அவளுக்கு அப்போது ஐந்தரை வயது. அதுவரை என் இலையில் பங்கு போட்டுச் சாப்பிட்டவள், பெரியவர்களோடு வரிசையில் உட்கார இடம் கிடைத்த பெருமிதத்தில் பாவாடையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பந்தியில் பரிமாறுகிறவர்கள் பெரியவர், சிறியவர் என்று பார்ப்பதில்லை. இட்லி, வெண்பொங்கல், வெள்ளைப் பணியாரம், வடை, இடியாப்பம், கடைசியில் கவுனி அரிசி என்று என் இலையில் விழுந்த அளவே அவள் இலையிலும் விழுந்தது. பக்கத்து இலையில் இருந்த ஆச்சி ஒருவர் அன்போடு, "இலையில் மிச்சம் வைக்காத பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். மகள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள். என் மாமியார் அதை நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. வளவில் தூண் ஓரமாக நின்று அத்தனையையும் வாந்தி எடுத்துவிட்டாள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது அழுகைக்கு நடுவே அவள் கேட்டாள்: "அப்படியென்றால் நான் கெட்டிக்காரி இல்லையா அம்மா?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பிள்ளைக்குத் தன் வயிறு சொல்வது கேட்கவில்லை. இலை சொல்வது கேட்கிறது. இதை அவளுக்குப் பழக்கியது அந்த ஆச்சி அல்ல. ஐந்து வருடமாகத் தினமும் மூன்று வேளை பழக்கியவள் நான்.

நாங்கள் காரைக்குடியில் இருக்கிறோம். என் மாமியாரும் எங்களோடு இருக்கிறார். மூத்தவளுக்குக் கீழே ஒரு பையன். அப்போது அவனுக்கு மூன்று வயது நிறைய இரண்டு மாதம் பாக்கி. அவன் அக்காளுக்கு நேர் எதிர். நாலு வாய் சாப்பிட்டதும் உதட்டை இறுக்கிக்கொள்வான், எழுந்து ஓடுவான். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போவேன். நான் சோர்ந்து உட்கார்ந்தால் மாமியார் போவார். இவனுக்காகவே நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: தட்டில் நிறைய வைத்தால் பாதி மீந்தாலும் பாதியாவது உள்ளே போகும். அவனுக்கு வைக்கிற அளவை அக்காளுக்கும் வைப்பேன். அவள் பெரியவள் அல்லவா, இன்னும் ஒரு கரண்டி கூடவும் வைப்பேன். அவன் மீத்து வைப்பான். அவள் தீர்த்து வைப்பாள். அவனைத் திட்டுவேன், அவளைப் பாராட்டுவேன். இரண்டுமே தவறு என்பது எனக்குத் தெரியாது.

என் சித்தப்பா மகள் மதுரையில் உணவியல் படித்தவள். கல்யாண வீட்டில் நடந்ததைத் தொலைபேசியில் சொன்னதும் அவள் உடனே ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. "ஆச்சி, பதினைந்து நாள் எதையும் மாற்றாதீர்கள். வைத்தது எவ்வளவு, மீந்தது எவ்வளவு என்று நிறுத்து எழுதிக்கொண்டே வாருங்கள்" என்றாள். (எங்கள் பக்கத்தில் அக்காளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்.) பலகாரத்துக்கு மாவு நிறுக்க வாங்கிய சின்னத் தராசு வீட்டில் இருந்தது. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். முதல் நாளே ஒன்று தெரிந்தது. எங்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டியால் ஒருமுறை அள்ளினால் 90 கிராம் சோறு. நான் சின்னவனுக்கு இரண்டு கரண்டி வைத்துக்கொண்டிருந்தேன். அதன் மேல் பருப்பு, நெய், ஓரத்தில் பொரியல்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாள் முழுமைக்கும் தானியம் 60 கிராம் என்று இருக்கிறது. அது சமைக்காத தானியத்தின் எடை. நான்கு முதல் ஆறு வயதுக்கு 120 கிராம். அதோடு பருப்பு, பால், காய், கீரை, பழம், எண்ணெய் எல்லாம் சேர்ந்ததுதான் முழுச் சாப்பாடு. 60 கிராம் அரிசியை வடித்தால் 150 முதல் 180 கிராம் சோறு வரும். என் மகனுக்கு ஒரு நாளைக்குப் போதுமான சோற்றை நான் மதியம் ஒரே வேளையில் தட்டில் குவித்துவிட்டு, "இவன் சாப்பிடுவதே இல்லை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பதினைந்து நாள் கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. சின்னவன் நான் எவ்வளவு வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறுத்திக்கொள்கிறான். மூத்தவள் சாப்பிடுவது நான் வைப்பதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. ஒரு கரண்டி வைத்த நாளில் ஒரு கரண்டியோடு எழுந்து விளையாடப் போயிருக்கிறாள், பசி என்று வரவில்லை. இரண்டு கரண்டி வைத்த நாளில் அதையும் முடித்திருக்கிறாள்.

தங்கையிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ், லியான் பர்ச் ஆகியோர் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொன்னாள். அங்கே பிள்ளைகளுக்குப் பிடித்த மக்ரோனி, பாலாடைக்கட்டி உணவைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் வெவ்வேறு நாட்களில் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வயதுக்காரர்கள் எந்த அளவு வைத்தாலும் ஒரே மாதிரிதான் சாப்பிட்டார்கள். ஐந்து வயதுக்காரர்கள் தட்டில் கூட இருந்தால் கூடச் சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டு அக்காளும் தம்பியும் அந்த ஆய்வில் உட்கார்ந்து சாப்பிட்டதுபோல இருந்தது. ஆனால் மூன்று வயது என்பதை ஒரு வேலியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அவள் எச்சரித்தாள். பின்னால் நடந்த ஆய்வுகளில் இரண்டு வயதுப் பிள்ளைகளிடமும் பெரிய அளவின் இழுப்பு தெரிந்திருக்கிறது. பழக்கினால் சின்னவனும் பழகிவிடுவான்.

அதே குழுவினர் 2003இல் வெளியிட்டதைத்தான் நான் இன்றும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். வயதுக்கு ஏற்ற அளவை இரட்டிப்பாக்கித் தட்டில் வைத்தபோது பிள்ளைகள் அந்த உணவை 25 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அதிக வாய் சாப்பிடவில்லை. ஒவ்வொரு வாயும் பெரிதாகிவிட்டது. அதே பிள்ளைகளிடம் கரண்டியைக் கொடுத்து, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றபோது, பெரிய அளவில் பரிமாறிய நாளைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். கேட்ட அன்று மாலையே மூத்தவள் சாப்பிடுவதை உற்றுப் பார்த்தேன். குவியலைப் பார்த்ததும் அவள் எடுக்கிற கவளம் பெரிதாகத்தான் இருந்தது.

நான் முதலில் மாற்றியது தட்டை. எங்கள் கண்டனூர் வீட்டுச் சாமான் அறையில், மாமியாருக்குச் சீராக வந்த பாத்திரங்களுக்கு நடுவே, ஏழு அங்குல எவர்சில்வர் தட்டுகள் ஆறு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இருந்தன. விளிம்பில் மாமியாரின் முன்னெழுத்துகள் புள்ளி புள்ளியாகப் பொறித்திருந்தன. அவற்றில் இரண்டை எடுத்து வந்தேன். அதுவரை பிள்ளைகளும் எங்களைப் போலப் பன்னிரண்டு அங்குலத் தட்டில்தான் சாப்பிட்டார்கள். அந்தப் பெரிய தட்டில் அரைக் கரண்டி சோறு ஒரு மூலையில் கிடந்தால் பார்க்கிறவர் மனம் தாங்காது. கை தானாக இன்னொரு கரண்டி அள்ளும். சின்னத் தட்டில் அதே அரைக் கரண்டி நிறைவாகத் தெரிகிறது. பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொள்ளும்போதும் தட்டின் அளவு வேலை செய்கிறது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தட்டைக் கொடுத்தபோது சராசரியாக 90 கலோரி கூடுதலாகப் போட்டுக்கொண்டார்கள். கூடுதலாகப் போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளேயும் போனது.

இரண்டாவது, முதல் கரண்டியைச் சிறிதாக்கினேன். சின்னவனுக்கு அரைக் கரண்டிச் சோறு. மூத்தவளுக்கு முக்கால் கரண்டி. பொரியலுக்கும் கூட்டுக்கும் தங்கை ஒரு எளிய கணக்குச் சொன்னாள்: வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி. மூன்று வயதுக்கு மூன்று, ஐந்து வயதுக்கு ஐந்து. இது தொடங்குகிற அளவுதான், முடிகிற அளவு அல்ல. கேட்டால் இரண்டாம் முறை வைக்க வேண்டும், முகம் சுளிக்காமல் வைக்க வேண்டும். இதைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டு, பிள்ளைக்குச் சோற்றைக் குறைக்கிறேன் என்று பட்டினி போட்டுவிடக் கூடாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: குறைப்பது முதல் கரண்டியை மட்டும். இரண்டாம் கரண்டியும் மூன்றாம் கரண்டியும் பிள்ளையின் உரிமை. பாத்திரத்தில் போதுமான சோறு இருக்க வேண்டும். அது இருப்பது பிள்ளைக்குத் தெரியவும் வேண்டும்.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. முதல் மூன்று நாள் எதுவும் பேசவில்லை. நான்காம் நாள் நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் மகள் தட்டில் ஒரு கரண்டி வைத்துவிட்டார். "நீ அளந்து அளந்து வைப்பதைப் பார்த்தால் கூலிக்கு வந்தவர்களுக்கு வைப்பது போல இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு அளவு உண்டா?" என்றார். அவர் சொன்னதில் இருந்த வலி எனக்குப் புரிந்தது. இந்தச் சீமையில் அன்பு என்பதே பரிமாறுகிற கையில்தான் இருக்கிறது. வந்தவர் போதும் என்று கையால் இலையை மறைத்த பிறகும் விரல் இடுக்கில் நெய்யை விடுகிற ஊர் இது. மறுத்துப் பேசவில்லை. அவர் பேச்சை நிறுத்தியதும், "அயித்தை, நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளத்தூர் வீட்டில் யார் கையால் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

கேட்டதற்கு உள்நோக்கம் ஒன்றும் இல்லை, பேச்சை மாற்றத்தான் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு எல்லா ஆய்வுகளையும்விடப் பெரிதாக இருக்கிறது.

அந்த வீட்டில் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஓர் அடுப்பு. கல்யாணமான மகன்களை வேறு வைத்துவிடுவார்கள்; ஒரே கூரைக்குக் கீழே நாலு சமையல் நடக்கும். ஆனால் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் வட்டமாக உட்கார வேண்டும். அவருடைய அப்பத்தா ஒரு பெரிய சட்டியில் சோற்றைப் பிசைந்துகொண்டு நடுவில் உட்காருவார். பருப்பும் நெய்யும் ஒரு நாள், குழம்பு ஒரு நாள், மோர் ஒரு நாள். எலுமிச்சம்பழ அளவில் உருண்டை பிடித்து ஒவ்வொரு கையிலும் வைத்துக்கொண்டே சுற்றி வருவார். தின்றுவிட்டுக் கையை நீட்டினால் இன்னொன்று. கையை மடக்கிக்கொண்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். ஏன் மடக்கினாய் என்று கேட்க மாட்டார். பதினோரு பிள்ளைகளுக்கு நடுவே ஒருத்தியைக் கெஞ்சிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் ஏது?

சொல்லிக்கொண்டே வந்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, உருண்டையாகக் கொடு" என்றார்.

அன்று முதல் இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில் பிள்ளைகளின் அப்பத்தாவான என் மாமியார் கையால். தட்டே கிடையாது. சின்னவன் முதல் வாரத்தில் மூன்று உருண்டையோடு கையை மடக்கினான். மாமியாரின் கை தயங்கி நிற்பதைப் பார்த்தேன்; ஆனால் கேட்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரு நாள் ஏழு உருண்டை கேட்டு வாங்கித் தின்றான். மறுநாள் இரண்டு. துரத்துகிற வேலை இல்லாததால் சாப்பாட்டு நேரம் அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. முன்பு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஏழு, இரண்டு என்று இப்படி ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயப்படுகிற தாய்மார்களுக்காக ஒன்று. 1991இல் லியான் பர்ச் குழுவினர் இரண்டு முதல் ஐந்து வயது வரையான 15 பிள்ளைகளுக்கு ஆறு நாட்கள், நாள் முழுவதும் கொடுத்ததையும் தின்றதையும் கணக்கெடுத்தார்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் தாறுமாறான வேறுபாடு. ஆனால் ஒரு நாள் மொத்தத்தை எடுத்துப் பார்த்தால் நாளுக்கு நாள் பெரிய மாற்றம் இல்லை. காலையில் குறைத்த பிள்ளை மதியம் கூட்டிக்கொண்டது. என் நாட்காட்டித் தாள்களிலும் அதுவே இருந்தது. நான் வேளையைப் பார்த்துக் கவலைப்பட்டேன், பையன் நாளைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடையில் புகுந்து "இந்த வேளை முடித்தே ஆக வேண்டும்" என்று கட்டாயப்படுத்துகிறவர்கள்தான் அந்தக் கணக்கைக் குழப்புகிறோம்.

பிள்ளை இளைத்துவிட்டதா என்பதைத் தட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எடையைப் பார்க்க வேண்டும். எங்கள் தெரு அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். மூன்று வயது நிறைந்தபோது மகன் 13 கிலோ இருந்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அந்த வயது ஆண் பிள்ளையின் நடு எடை 14.3 கிலோ; 11.3க்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு. அவன் கோடு நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, அதற்கு இணையாகவே ஏறுகிறது. அங்கன்வாடிப் பணியாளர் அட்டையை மாமியார் கையில் கொடுத்து விளக்கினார். முதல் வருடத்தில் ஆறு, ஏழு கிலோ ஏறுகிற குழந்தை மூன்றாம் வருடத்தில் இரண்டு கிலோதான் ஏறும். அதனால் பசியும் குறையத்தான் செய்யும் என்று அவர் சொன்னது எங்கள் இருவருக்குமே புதிது. கோடு படுத்துவிட்டாலோ, கீழே இறங்கினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்போது வீட்டு வைத்தியமும் வேண்டாம், என்னைப் போன்றவர்களின் அனுபவமும் வேண்டாம்.

எல்லாவற்றையும் தட்டின் மேல் பழி போட்டுவிட முடியாது. சின்னவன் மதியம் சாப்பிடாததற்குப் பாதிக் காரணம் பால். காலையில் ஒரு தம்ளர், பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கும்போது ஒன்று. சாப்பிடாத பிள்ளைக்குப் பாலாவது போகட்டும் என்று கொடுத்ததே அவனைச் சாப்பிட விடாமல் செய்தது. நிறுத்து அளந்தபோது ஒரு நாளைக்கு 800 மில்லிக்கு மேல் போனது. ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு 500 மில்லியைத் தாண்டினால் சோற்றுப் பசி போய்விடும், இரும்புச்சத்தும் குறையும் என்று குழந்தை மருத்துவர் சொன்னார். இப்போது சின்னத் தம்ளரில் இரண்டே வேளை. பதினொரு மணிப் பாலை நிறுத்திய நான்காம் நாள் அவனாகவே வந்து மதியச் சோறு கேட்டான்.

காய்கறியில் இதே சங்கதியைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம் என்பதை நான் பிறகுதான் கற்றுக்கொண்டேன். அளவைக் கூட்டினால் பிள்ளை கூடத் தின்னும் என்றால், காயின் அளவைக் கூட்டலாம் அல்லவா? வெறுமனே சோற்றுக்குப் பக்கத்தில் பொரியலைக் குவித்தேன், நடக்கவில்லை. சோறு உள்ளே போனது, பொரியல் அப்படியே இருந்தது. தங்கை சொன்ன திருத்தம் நேரம். 2010இல் வெளிவந்த பென்சில்வேனியா ஆய்வு ஒன்றில், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மற்ற உணவு வரும் முன்பே, பசியோடு இருக்கும்போது, கேரட்டை மட்டும் முதலில் வைத்தார்கள். 30 கிராமை 60 கிராமாக்கியபோது பிள்ளைகள் தின்ற கேரட் 47 சதவீதம் கூடியது. 90 கிராம் வைத்தபோது அதற்கு மேல் கூடவில்லை. ஆக, கூட்டுவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

இப்போது நான் சோறு வடிக்கும் நேரத்திலேயே, தட்டு போடும் முன், ஒரு கிண்ணம் காயை நடுவில் வைத்துவிடுகிறேன். வேகவைத்த பரங்கிக்காய்த் துண்டு, ஆவியில் வெந்த கேரட், விதை எடுத்த வெள்ளரி, சில நாள் வெண்டைக்காய் மண்டி. சின்னப் பிள்ளைகளுக்குப் பச்சைக் கேரட்டை அப்படியே கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மண்டி என்றதும் வெளியூர்க்காரர்கள் காரத்தை நினைப்பார்கள். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே மிளகாய் என்று உணவகங்கள் ஊருக்கு ஊர் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டன. வீட்டுச் சமையல் அப்படி இல்லை. அரிசி களைந்த மண்டித் தண்ணீரில் புளி கரைத்து, பிள்ளைகளுக்கென்று மிளகாயைக் குறைத்துச் செய்த வெண்டைக்காய் மண்டியை மகள் கிண்ணத்தோடு எடுத்துக்கொள்கிறாள். சமையலறை வாசலில் பசியோடு சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் காய்க்கு ஏற்ற நேரம். நானோ அந்தப் பத்து நிமிடத்தில் பிஸ்கட்டைக் கொடுத்து அடக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

பலகாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் பக்கத்து ஆட்கள் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு விசேஷத்துக்குப் பிறகும் தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை, அதிரசம் என்று டின் டின்னாக வீட்டில் இருக்கும். ஒளித்து வைத்துப் பார்த்தேன். பிள்ளைகளின் கண் எப்போதும் அலமாரி மேலேயே இருந்தது. இப்போது ஒளிப்பதில்லை. நாலு மணி இடைப்பலகாரத்துக்கு ஆளுக்கு ஒரு மாவுருண்டை அல்லது பாதித் தேன்குழல், கூடவே ஒரு வாழைப்பழம், சின்னத் தட்டில். டின்னை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவது மட்டும் கிடையாது, பெரியவர்களுக்கும் கிடையாது. டின்னிலிருந்து கை போட்டு எடுக்கும்போது யாருக்கும் அளவு தெரிவதில்லை.

தாங்களே போட்டுக்கொள்வது ஞாயிற்றுக்கிழமைகளில். மூன்று சின்னக் கிண்ணம், ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய கரண்டி, கீழே பழைய விரிப்பு. முதல் மாதம் சின்னவன் இட்டதில் பாதி விரிப்பில்தான் விழுந்தது. மூத்தவள் முதல் தடவை குழிப்பணியாரம் ஒன்பதை எடுத்து அடுக்கினாள். என் கணவர் வாய் திறக்கப் போனார். நான் கண்ணால் நிறுத்தினேன். ஐந்து தின்றுவிட்டு நாலை மீத்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு ஆறு எடுத்தாள், பிறகு நாலு எடுத்துக்கொண்டு இன்னும் வேண்டுமானால் கேட்பேன் என்றாள். எலன் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இதை வேலைப் பிரிவினையாகவே சொல்கிறார்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு; எவ்வளவு என்பதும், சாப்பிடுவதா வேண்டாமா என்பதும் பிள்ளையின் பொறுப்பு. என் பங்கை நான் ஒழுங்காகச் செய்யாமல் அவர்கள் பங்கில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

கைக்குழந்தை வைத்திருக்கிற என் கொழுந்தன் மனைவி இப்போது என்னிடம் அளவு கேட்கிறாள். உலக சுகாதார நிறுவனம் சொல்வதைத்தான் சொன்னேன். ஒரு வேளைக்கு, ஆறு மாதத்தில் இரண்டு, மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, ஒன்பது மாதத்தில் 250 மில்லிக் கிண்ணத்தில் பாதி, ஒரு வயதுக்கு மேல் முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை. அவள் வீட்டில் பழைய ஆழாக்குப் படி இருந்தது. ஆழாக்கு என்பது சுமார் 168 மில்லி. முக்கால் ஆழாக்கு ஒன்பது மாதத்துக் குழந்தைக்கு, முழு ஆழாக்குக்குச் சற்றுக் கூட ஒரு வயதுக் குழந்தைக்கு என்று அவள் கண்ணளவாகப் பிடித்துக்கொண்டாள். குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அளவு அவ்வளவுதான் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

இன்னும் தீராதது பள்ளிக்கூடத்து மதிய டப்பா. மூத்தவள் வகுப்பில் டப்பாவைக் காலி செய்கிற பிள்ளைக்குக் கையில் நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். ஆசிரியை நல்ல மனதோடுதான் செய்கிறார். அவரிடம் போய், கண்டனூர்ப் பந்தியில் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஆனால் நாற்பது பிள்ளைகள் சாப்பாட்டை வீணாக்காமல் இருக்க வேறு வழி தெரியவில்லை என்றார். அவர் கஷ்டமும் நிஜம். என்னால் செய்ய முடிந்தது, டப்பாவைச் சிறிதாக்கியது. மூன்று இட்லி கொள்ளும் டப்பாவை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு இட்லி கொள்வதை வாங்கினேன். நட்சத்திரமும் கிடைக்கும், வயிறும் கனக்காது.

சின்ன டப்பாவைக் கொடுத்த முதல் நாள் மாமியார் வாசல்வரை வந்து, "பசித்தால் வந்து சொல், நாளைக்கு அப்பத்தா மூன்று வைக்கச் சொல்கிறேன்" என்றார். மகள் தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். மூன்று வாரம் ஆகிறது. புதன்கிழமை மட்டும் விளையாட்டு வகுப்பு இருப்பதால் அன்றைக்கு மூன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். புதன்கிழமைகளில் பழைய டப்பா போகிறது.